டிஜிட்டல் கேபிள் மாறினால் பாட்டின் ஒலி மாறுமா?

ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவிட்டுப் பில்லுக்காகக் காத்திருந்தபோது, கடைக்காரர் 2 ஆப்டிகல் கேபிள்களை, அதாவது டிஜிட்டல் ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் கேபிள்களை, எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றின் விலை 350 ரூபாய். மற்றது 6,000 ரூபாயைத் தாண்டியது. நூல் பின்னிய உறை, தங்க முலாம் பூசிய முனை, தனிப் பெட்டி என்று அந்த இரண்டாவது கேபிள் கையில் எடுத்தாலே கனத்தது. “இதைப் போட்டுப் பாருங்க சார், பாஸ் நல்லா இறங்கும், வாய்ஸ் தனியா எடுத்து நிக்கும்” என்றார். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. தம் வீட்டிலும் அதைத்தான் போட்டிருப்பதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் நம்பிக்கை இருந்தது.

அதே வாரம், மென்பொருள் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். “எல்லாம் ஒண்ணும் ஜீரோவும்தானே, எந்த ஒயர்ல போனா என்ன?” என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டார்.

கடைக்காரர் சொன்னது தவறு. நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி; ஆனால் அது ஏன் சரி என்பது அந்த ஒரு வரியில் இல்லை. அதனால்தான், கேபிளை மாற்றிய பிறகு ஸ்பீக்கரில் இருந்த உறுமல் நின்றுபோனதைத் தம் காதாலேயே கேட்ட ஒருவரிடம் அந்த வரியைச் சொன்னால், அவர் அதை ஏற்கமாட்டார், ஏற்கவும் தேவையில்லை. டிஜிட்டல் கேபிளில் உண்மையில் என்ன போகிறது, எது கெடலாம், எது கெடவே முடியாது என்பதை அடியிலிருந்து பார்த்தால் இரு தரப்பாரும் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது விளங்கும்.

முதலில் பழைய கேபிள்

டேப் ரெக்கார்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்த சிவப்பு, வெள்ளை முனைக் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் போகும் மின்னழுத்தம், ஒலியின் வடிவத்தையே கொண்டிருக்கும். பாடகரின் குரல் ஏறினால் மின்னழுத்தம் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒலியின் நகலாகவே ஓடும் இத்தகைய மின்னலைக்கு அனலாக் என்று பெயர்.

ஒரு சொம்புப் பாலை இன்னொரு சொம்புக்கு மாற்றும்போது அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சொம்பு சரியாகக் கழுவப்படவில்லை என்றால் பழைய வாடையும் பாலில் சேரும். ஒட்டியதைத் திரும்பப் பெற முடியாது, சேர்ந்ததைப் பிரிக்கவும் முடியாது. அனலாக் கேபிளின் நிலை இதுதான். வழியில் குறைந்ததும் கூடியதும் பாட்டோடு பாட்டாகக் கலந்துவிடுவதால், எது பாட்டு, எது இரைச்சல் என்று பெறும் கருவிக்குத் தெரியாது.

எனவே அனலாக் கேபிளில் தரம் என்று ஒன்று உண்மையாகவே உண்டு, அதைக் கணக்கிட்டும் காட்டலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், போக வர 20 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம் வரும். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரையே இழுத்தால் அது 0.23 ஓமாகக் குறையும். 8 ஓம் ஸ்பீக்கரின் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், மெல்லிய கம்பியில் சில சுருதிகள் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாகக் குறையும். காது தேர்ந்தவர்கள் அதைக் கேட்டிருக்கக்கூடும். ‘கேபிள் மாறினால் ஒலி மாறும்’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் அனுபவத்திலிருந்து வந்தது. டிஜிட்டல் வந்த பிறகும் அது அப்படியே தொடர்ந்ததுதான் சிக்கல்.

கேபிளில் போவது பாட்டு அல்ல, பாட்டின் குறிப்பு

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலியலை இல்லை, எண்கள்தாம் உள்ளன. ஒலியின் உயரத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி அளந்த ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நல்ல செவிக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பதிய அதன் 2 மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதால் இந்த எண்ணிக்கை. ஒவ்வொரு மாதிரியும் –32,768 முதல் 32,767 வரையுள்ள ஒரு முழு எண். அதை 16 இடங்களில் 0, 1 என்று எழுதுகிறார்கள். அந்த ஒவ்வோர் இடமும் ஒரு பிட். இடம், வலம் இரண்டையும் சேர்த்தால் ஒரு நொடிப் பாட்டுக்கு 14,11,200 பிட்டுகள். இந்த எண்களை வாங்கி மறுபடியும் மின்னலையாக மாற்றும் சிப்புக்கு டாக் என்று பெயர். அது தனிப் பெட்டியாகவும் இருக்கலாம், ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளேயும் இருக்கலாம்.

கீர்த்தனையை நேரே பாடிக் காட்டுவது வேறு, அதன் ஸ்வரக் குறிப்பை எழுதி அனுப்புவது வேறு. நேரே பாடுவதை ஒருவர் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டால், சுவரின் கனம் குரலை மாற்றிவிடும். எழுதிய குறிப்பைக் கொடுத்தால், அது பழைய நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியதாக இருந்தாலும் வழவழப்பான தாளில் அச்சிட்டதாக இருந்தாலும், எழுத்துகள் படிக்கும்படி இருக்கும்வரை வயலின் வாசிப்பவர் ஒரே சங்கதியைத்தான் வாசிப்பார். டிஜிட்டல் கேபிள் அந்தத் தாள்.

கடைக்காரர் சொன்ன ‘பாஸ் இறங்கும்’ என்ற பேச்சு இங்கேதான் விழுந்துவிடுகிறது. பாஸுக்கு என்று தனி பிட், குரலுக்கு என்று தனி பிட் கேபிளில் போவதில்லை. 50 ஹெர்ட்ஸ் பாஸ் அலை ஒன்று முடிய 20 மில்லி நொடி ஆகும்; அந்த நேரத்தில் 882 மாதிரிகள் கடந்துபோகின்றன. அந்த 882 எண்களில் ஒவ்வொன்றிலும் பாஸ், குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் கூட்டிப்போட்ட ஒரே தொகையாக இருக்கின்றன. பாஸை மட்டும் சற்றுக் கூட்ட வேண்டுமானால், இந்த எண்கள் அத்தனையையும் ஓர் ஒழுங்கோடு, முன்பின் மாதிரிகளைப் பார்த்து, கணக்கிட்டு மாற்ற வேண்டும். அது ஈக்வலைசர் செய்யும் கணக்கு. ஒரு கம்பியால், அது வெள்ளிக் கம்பியாக இருந்தாலும், கணக்குப் போட முடியாது.

கேபிளில் பிழை நேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதையும் ஓர் எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். 1,200 என்ற மாதிரி வருகிறது. கடைசி பிட் புரண்டால் அது 1,201 ஆகும், யாருக்கும் தெரியாது. முதல் பிட் புரண்டால் அது –31,568 ஆகிவிடும். ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஓர் அறை விழும். எந்த பிட் புரளும் என்பதைக் கேபிள் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே கெட்டுப்போன டிஜிட்டல் கேபிள் வெடிப்பும் விட்டுவிட்டு ஒலிப்பதுமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்குமே தவிர, ‘குரல் சற்று மங்கல்’ என்ற அளவில் நாசூக்காகக் கெடாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். அனலாக் கேபிளில் ஒலியே போகிறது, அதனால் கேபிளின் குறை ஒலியின் குறையாகிறது. டிஜிட்டல் கேபிளில் எண்கள் போகின்றன. எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால், பாஸ், குரல் தெளிவு, மேடை அகலம் (ஒலிகள் இடம் வலமாகப் பரவி நிற்பதுபோல் தோன்றுவது) என்று நாம் பேசும் எதையும் கேபிள் தொட்டிருக்க முடியாது.

எண்கள் சரியாகப் போய்ச் சேர்கின்றனவா?

மொட்டைமாடி ஆன்டெனா வைத்திருந்த காலத்தில், சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக மங்கிக்கொண்டே போகும். அப்போதும் முகம் ஓரளவு தெரியும். இப்போது டிடிஎச்சில் மழை பிடித்தால் நடப்பது வேறு. தூறல்வரை படம் துளியும் மாறாது. மழை வலுத்ததும் திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்த டிடிஎச் படத்தை யாரும் பார்த்ததில்லை.

கேபிளிலும் இதே கதைதான். சிவப்பு அல்லது ஆரஞ்சு முனையுள்ள கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ட் அகலத்தில் மேலும் கீழும் மாறிக்கொண்டிருக்கும். பெறும் கருவி பார்ப்பது, அது நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மட்டும். வழியில் அலை கொஞ்சம் தேய்ந்தாலும், கொஞ்சம் இரைச்சல் ஏறினாலும், மேலே இருப்பது மேலேதான். அது மேல் என்று முடிவானதும், புதிதாக எழுதியதுபோல் சுத்தமான பிட்டாக உள்ளே போகிறது. தேய்மானமும் இரைச்சலும் வாசலோடு நின்றுவிடும். இரைச்சல் மிகுந்த பேருந்து நிலையத்தில் போன் நம்பர் கேட்டு எழுதிக்கொள்வதைப் போன்றது இது. சொன்னவர் குரல் கரகரப்பாக இருந்தது என்பதற்காகச் சீட்டில் எழுதிய 7 கரகரப்பாக இருக்காது.

டாஸ்லிங்க் என்னும் ஆப்டிகல் கேபிளை 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்தியது. அதில் 1 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியாகச் சிவப்பு ஒளி போகிறது. வெளிச்சம் இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதன் முனையில் பூசும் தங்கம் ஒளிக்கு எந்த வேலையும் செய்வதில்லை. மின்தொடர்பே அங்கு இல்லை.

எண்கள் சரியாக வருகின்றனவா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் கேபிள் வழியாக டால்பி டிஜிட்டல் ஒலியுள்ள படம் ஒன்றை ஹோம் தியேட்டருக்கு அனுப்புங்கள். அதில் ஒலி சுருக்கப்பட்டு, 32 மில்லி நொடிக்கு ஒரு கட்டாகக் கட்டப்பட்டு வருகிறது. ஒவ்வொரு கட்டிலும் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. கட்டில் ஒரு பிட் புரண்டாலும் அந்தச் சரிபார்ப்பு ஒத்துவராது. டிகோடர் அந்தக் கட்டைத் தள்ளிவிடும், ஒலி அறுபடும். ஒரு முழுப் படமும் அறுபடாமல் ஓடினால், உங்கள் கேபிள் லட்சக்கணக்கான கட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்த்திருக்கிறது என்று பொருள். 350 ரூபாய்க் கேபிள் இதில் தேறிவிட்டால், 6,000 ரூபாய்க் கேபிள் அதைவிடச் சரியான எண்களைக் கொண்டுவர வழியே இல்லை. சரிக்கு மேல் சரி கிடையாது.

எண் சரி, நேரம் சரியா?

நண்பரின் ‘ஒண்ணும் ஜீரோவும்’ விளக்கம் விட்டுவிட்ட இடம் இது. டிஜிட்டல் ஒலிக்கு எண் மட்டும் போதாது, அது எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதும் வேண்டும். ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்து காலப்பிரமாணம் தள்ளாடினால் கச்சேரி கெடுவதுபோல, மாதிரிகள் சரியாக இருந்து அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி நடுங்கினால் அலையின் வடிவம் மாறிவிடும். இந்த நடுக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர்.

கேபிள் இதற்குக் காரணமாக முடியுமா? கோஆக்சியல், ஆப்டிகல் இரண்டிலும் முடியும். இவ்விரண்டிலும் எண்களை அனுப்பும் கருவியே தாளத்தையும் அனுப்புகிறது. தாளத்துக்குத் தனிக் கம்பி இல்லை. பிட்டுகள் மாறும் கணங்களைப் பார்த்துப் பார்த்து டாக் தன் கடிகாரத்தை ஓட்டிக்கொள்கிறது. ஒருவர் குறிப்பைப் படித்துச் சொல்ல, அவர் படிக்கும் வேகத்தையே தாளமாகக் கொண்டு மற்றவர் வாசிப்பதைப் போன்றது இது. கோஆக்சியல் கேபிள் 75 ஓம் இயல்புடையதாக இருக்க வேண்டும் என்று வகுத்திருப்பதற்கும் இதுவே காரணம். அந்த அளவு பொருந்தாத கேபிளில், கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருவதுபோல் அலையின் ஒரு பங்கு முனையில் மோதித் திரும்பி வரும். அப்படி வந்தது அடுத்த பிட்டின் விளிம்பில் விழுந்தால், அது நடுக்கோட்டைத் தாண்டும் கணம் சற்று முன்பின்னாக நகரும்.

எனவே ‘கேபிளால் எதுவுமே ஆகாது’ என்பது இயற்பியல்படி முழு உண்மை அல்ல. ஆனால் அளவைக் கேட்காமல் இந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லை. மிகக் கடுமையான கணக்கை எடுத்துக்கொண்டால், 20,000 ஹெர்ட்ஸ் முழு வலு ஒலியில், 16 பிட்டின் மிகச் சிறிய படியில் பாதி அளவு பிழை நேர வேண்டுமானால், நேரம் ஏறத்தாழ 0.12 நானோ நொடி பிசகினால் போதும். நானோ நொடி என்பது நொடியின் 100 கோடியில் ஒரு பங்கு. கேட்கவே அச்சமாக இருக்கும் இந்த எண்ணைத்தான் விளம்பரங்கள் விரும்புகின்றன. ஆனால் 20,000 ஹெர்ட்ஸ் முழு வலுவில் ஒலிக்கும் பாட்டு என்று ஒன்று இல்லை. படியில் பாதி என்பது காதுக்கு எட்டும் அளவும் இல்லை. ஜப்பானில் 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒலித்துறையில் தொழில் செய்வோரைத் தம் சொந்தக் கருவிகளில், தமக்குப் பழகிய இசையைக் கேட்கவைத்துப் பாட்டில் வேண்டுமென்றே ஜிட்டரைச் சேர்த்துப் பார்த்தார்கள். நன்கு தேர்ந்த செவிகளே பல நூறு நானோ நொடி அளவுக்குத் தாறுமாறான ஜிட்டர் சேர்ந்த பிறகுதான் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு மீட்டர் கேபிளில் சிக்னல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவே ஏறத்தாழ 5 நானோ நொடிதான் ஆகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதற்கு மேல், இன்றைய டாக்குகள் வரும் தாளத்தை அப்படியே நம்பி வாசிப்பதில்லை. வந்த எண்களைச் சிறிது நேரம் தேக்கிவைத்து, நடுக்கத்தை வடிகட்டிய தாளத்தில் வெளியே விடுகின்றன. யூஎஸ்பி டாக்குகளில் இப்போது பரவலாக உள்ள அசிங்க்ரோனஸ் முறையில் அதிகாரமே கைமாறிவிடுகிறது. தாளம் டாக்கின் கையில் இருக்கிறது. ‘கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு’ என்று அது கணினிக்குச் சொல்கிறது. வாசிப்பவரே தாளம் போட்டுக்கொண்டு, பக்கம் புரட்டுபவரிடம் அடுத்த தாளைக் கேட்டு வாங்குவதைப் போன்றது இது. தாள் கொண்டுவருபவரின் நடைவேகம் கச்சேரியின் தாளத்தைக் கெடுக்காது.

சுருக்கமாக: ஜிட்டர் என்பது கற்பனை அல்ல. ஆனால் சரியான வகைக் கேபிளில் அது செவிக்கு எட்டாத அளவிலேயே இருக்கிறது. அதை அடக்குவதும் டாக்கின் வேலை, கேபிளின் வேலை அல்ல.

காலில் ஒட்டி வரும் சேறு

கேபிளை மாற்றியதும் வேறுபாடு கேட்டது என்று உறுதியாகச் சொல்பவர்களில் ஒரு பகுதியினர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். என் வீட்டிலேயே நடந்தது அது. லேப்டாப்பை யூஎஸ்பி கேபிளால் டாக்கோடும், டாக்கை அனலாக் கேபிளால் ஆம்ப்ளிஃபயரோடும் இணைத்திருந்தேன். பாட்டு நின்றிருக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல் இருந்தது. மவுஸை நகர்த்தினால் அதோடு ‘கிர்ர்’ என்று ஓர் ஓசை சேர்ந்தது. விலை கூடிய யூஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி மாற்றினேன், எதுவும் மாறவில்லை. ஒருநாள் மின்வெட்டு வரும் என்று லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கியபோது, ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, அறை சட்டென்று அமைதியானது.

நடந்தது இதுதான். லேப்டாப்பின் 3 பின் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனி பிளக்கில் எர்த்தோடு இணைந்திருந்தன. யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பியும் அனலாக் கேபிளின் உறைக்கம்பியும் அவ்விரண்டையும் இன்னொரு வழியாகவும் இணைத்துவிட்டன. இப்படி இருவழி எர்த் ஒரு வளையமாகச் சேர்வதை எர்த் லூப் என்பார்கள். அந்த வளையத்தில் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும், கணினியின் உள்வேலைகள் எழுப்பும் மின் இரைச்சலும் சுற்றிவந்தன. எண்களுக்கு எந்தக் கேடும் இல்லை. கெட்டது டாக்குக்குப் பிறகு வரும் அனலாக் பகுதி. தபால்காரர் கடிதத்தை ஓர் எழுத்தும் அழியாமல் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே காலில் ஒட்டிய சேற்றையும் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

விலை கூடிய யூஎஸ்பி கேபிள் ஏன் உதவவில்லை என்பது இப்போது தெளிவு. அதிலும் தரைக்கம்பி உண்டு; இருந்தே ஆக வேண்டும். இங்கே மாற்ற வேண்டியது கேபிளின் விலை அல்ல, வகை. ஆப்டிகல் கேபிளில் செம்பே இல்லாததால் வளையம் அங்கேயே அறுந்துவிடுகிறது. அது 350 ரூபாய்க் கேபிளாக இருந்தாலும் போதும். ஆப்டிகல் வசதி இல்லையென்றால், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்க்கலாம், அல்லது யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சிறு கருவியை இடையில் போடலாம். சிலர் சொல்வதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை உடைத்துவிடாதீர்கள். உறுமல் போகும், ஆனால் உள்ளே காப்பு கெட்டால் 230 வோல்ட் பெட்டியின் மேல்தகட்டுக்கு வந்து நிற்கும், தொட்டவரைக் காக்க எர்த் இருக்காது.

இந்த வகைக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பாட்டே தேவையில்லை. பாட்டை நிறுத்தி, வால்யூமைச் சற்று ஏற்றி, ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். சேறு இருந்தால் அந்த மௌனத்தில் கேட்டுவிடும். அங்கே எதுவும் கேட்கவில்லை என்றால், பாட்டு ஓடும்போது ‘பின்னணி கறுத்துவிட்டது’, அதாவது பின்னால் இருந்த இரைச்சல் அடங்கிவிட்டது, என்று சொல்ல ஏதும் இல்லை.

எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள், யூஎஸ்பி

எச்டிஎம்ஐயில் படத்துக்கே பெரும்பங்கு போகிறது. நொடிக்கு 18 கிகாபிட், அடுத்து வந்த 2.1 தரத்தில் 48 கிகாபிட் என்று அது சுமப்பதால், நீளம் கூடினால் மலிவான கேபிள் தோற்கும்; ஆனால் தோற்பது கண்ணுக்குத் தெரியும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் கறுத்துக் கறுத்து வரும், ஒலி அறுபடும். அப்போது கேபிளை மாற்றத்தான் வேண்டும். உரிய வேகத்துக்குச் சான்று பெற்ற கேபிள் போதும்.

இணையத்திலிருந்து பாட்டை ஓட்டும் ஸ்ட்ரீமருக்கு விலையுயர்ந்த நெட்வொர்க் கேபிள் வாங்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அங்கே பிழை நேர்ந்த கட்டு மறுபடி அனுப்பப்படுகிறது. வந்த பாட்டு முன்கூட்டியே நினைவகத்தில் தேங்குகிறது. பாட்டு ஓடும்போதே அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பல கருவிகளில் பாட்டு சில நொடிகளாவது தொடர்ந்து ஓடும். அந்த நொடிகளில் கேபிளே இல்லை. ஒலி மாறியதா என்று கேளுங்கள்.

யூஎஸ்பி பற்றி மட்டும் ஒரு திருத்தம். ‘பிரின்டருக்கு அனுப்பும் கோப்பில் எழுத்து மாறுவதில்லை, அதுபோலத்தான் பாட்டும்’ என்று கணினி தெரிந்தவர்கள் சொல்வார்கள். முடிவு சரி, ஒப்பீடு சரியில்லை. கோப்பில் பிழை கண்டால் யூஎஸ்பி மறுபடி கேட்டு வாங்கும். பாட்டில் பிழையைக் கண்டுகொள்ளும், ஆனால் மறுபடி கேட்காது. நேரம் போய்விடும் என்பதால் விட்டுவிடும். எனவே உண்மையாகவே பழுதான யூஎஸ்பி கேபிளில் பாட்டு ‘டிக் டிக்’ என்று வெடிக்கும். 5 மீட்டருக்கு உட்பட்ட, முனை தளராத சாதாரணக் கேபிளில் அது நேர்வது அரிது.

காது கேட்டது பொய்யா?

கேபிளை மாற்றியதும் பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்பவரின் அனுபவம் உண்மையானது. அந்த அனுபவம் கேபிளிலிருந்து வந்ததா என்பதே கேள்வி. மாற்றிக் கேட்கும்போது நாம் கூர்ந்து கேட்கிறோம். போன வாரம் கவனிக்காத கடம் இன்று கேட்கிறது. உட்காரும் இடம் ஒரு சாண் தள்ளினாலே அறையில் பாஸ் மாறும். ஒலி அளவு மிகச் சிறிதளவு கூடினாலும், கூடியது தெரியாமல் ‘தெளிவாக இருக்கிறது’ என்றே மனம் சொல்லும். எது புதிய கேபிள் என்று தெரிந்துவிட்டால் இவை அனைத்தும் அந்தக் கேபிளின் கணக்கில் சேர்ந்துவிடும். இது தேர்ந்த காதுக்கும் நேரும்.

ஆகவே எது எந்தக் கேபிள் என்று தெரியாமல் கேட்பது ஒன்றே வழி. என்னிடம் இருந்த 350 ரூபாய்க் கேபிளோடு ஒப்பிட, நண்பர் ஒருவரின் விலையுயர்ந்த ஆப்டிகல் கேபிளை இரவல் வாங்கி, என் அக்கா மகனை உதவிக்கு வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தேன். டிவி மேசையின் பின்பக்கத்தைப் போர்வையால் மறைத்தோம். ஒவ்வொரு முறையும் அவன் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒரு கேபிள், பூ விழுந்தால் மற்றது என்று செருகி, நோட்டில் குறித்துக்கொண்டான். கேபிளை மாற்றாத முறைகளிலும் கழற்றி மாட்டினான், ஓசையை வைத்து நான் ஊகிக்கக்கூடாது என்பதற்காக. வால்யூமைத் தொடவில்லை. எனக்கு மனப்பாடமான ஒரே பாட்டின் ஒரே 40 நொடி, அதே நாற்காலி.

இப்படி 16 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது வெறும் தற்செயலாக நேர 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்பதால், ஏதோ கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என முன்கூட்டியே எழுதிவைத்தோம். நடுவில் 5 முறை ‘இது அந்தப் பெரிய கேபிள்தான்’ என்று எனக்கு உறுதியாகவே தோன்றியது. நோட்டைத் திறந்து பார்த்தபோது மொத்தத்தில் 9 சரியாக இருந்தது. உறுதியாகத் தோன்றிய 5இல் 2 சரி.

இரவல் கேபிளை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 350 ரூபாய்க் கேபிள் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. சுவரோரம் மடங்கி இழை முறியாமல், கைப்பிடி அகலத்துக்கு வளைத்து விட்டிருக்கிறேன்.